திறந்து கிடந்த கேட்

என் மனைவி ஆர்லிஸ் தெற்கு டகோட்டா சட்டசபைக்கு மறுபடியும் நின்றாள். ஜூனில் நடக்கிற உட்கட்சித் தேர்தலில் ஜெயித்தால் போதும். எங்கள் பக்கம் எதிர்க்கட்சிக்கு ஓட்டே கிடையாது, அதனால் அதுதான் தேர்தலே. வெளிமாநிலப் பணக்காரர்கள் எழுதி அனுப்பிய ஒரு மசோதாவுக்கு அவள் கை தூக்க மறுத்துவிட்டாள். அந்தக் கடுப்பில் அவளைத் தோற்கடிக்கப் பணத்தைக் கொட்டினார்கள். தினமும் தபாலில் ஒரு பளபளப்பு அட்டை வந்தது. அவள் முகத்தைக் கறுப்படித்துப் பேய் மாதிரி போட்டிருந்தார்கள்.

சம்பளத்துக்கு ஆள் பிடித்து வீடு வீடாகவும் அனுப்பினார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர் வெர்லின் ஹௌகன் வீட்டுக்குப் போன ஒருவன், மேய்ச்சல் நிலத்து கேட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டு நடந்தான். எங்கள் ஊரில் குடிகாரன்கூட அதைச் செய்ய மாட்டான். வெர்லினின் மாடுகள் கன்றுகளோடு நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டன.

வெர்லின் வாசலில் இருந்ததோ எதிராளிக்கு ஓட்டுக் கேட்கும் பலகை.

"அந்த ஆளுக்கா உதவப் போற?" என்றேன்.

ஆர்லிஸ் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தாள். "மாடு எந்தப் பக்கம்னு அப்புறம் விசாரிக்கலாம். வண்டிய எடு."

சாலையோரப் பள்ளத்தில் இறங்கி இடுப்பு வரை சேறானாள். அந்த நேரம் பார்த்து, கேட்டைத் திறந்துவிட்டுப் போனவனே திரும்பி வந்து அவள் கையில் ஒரு அட்டையைக் கொடுத்தான்.

"இந்தம்மாவுக்கு மட்டும் ஓட்டுப் போட்டுடாதீங்கக்கா."

ஆர்லிஸ் தன் படத்தைப் பார்த்தாள். "பாத்தாலே ஆகாத பொம்பளையாத்தான் தெரியுது. சரி, நீ அந்தச் சந்துல கைய விரிச்சு நில்லு. மாடு வந்தா ஓடிராத."

பாவம், நின்றான். வெர்லின் வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கடைசிக் கன்றும் உள்ளே போனதும் அவள் காதில், "இப்பவாவது ஓட்டு கேளேன்" என்றேன்.

"மாடு பிடிக்கத்தானே வந்தோம்" என்றாள். வெர்லினிடம், "வரேண்ணே" என்று சொல்லி, கேட்டை இழுத்துப் பூட்டிவிட்டு வண்டியில் ஏறினாள்.

தேர்தலில் ஜெயித்தாள். கொஞ்ச ஓட்டில்தான், அதனாலென்ன, அத்தனை பணத்தையும் மீறி ஜெயித்தாள். முடிவு தெரிந்து இரண்டு பேரும் வீடு திரும்பும்போது வெர்லினின் கேட்டில் அதே பலகை தொங்கியது, பின்பக்கம் முன்னால் வந்திருந்தது. பெயிண்டில் கோணல்மாணலாக எழுதியிருந்தார்: "கேட்டை மூடத் தெரியாதவன் எங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்க வேண்டாம்."

வண்டியை நிறுத்தினேன்.

"என்ன, மாடு வெளிய வந்திருச்சா?" என்றாள் ஆர்லிஸ்.

"இல்ல. இன்னொரு தடவ படிச்சிக்கிறேன்."