அப்பாவின் வேகம்

என் அப்பா ஓர் அவசரக்காரர் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவரை நான் பார்த்ததில்லை. பகலில் பஸ் பட்டறையில் வேலை, மாலையில் ஒரு ஹோட்டல் மாடியில் ப்ளூஸ் பாட்டு என்று இருந்த மனிதர். நான் அம்மாவின் வயிற்றில் இருந்தபோது, பட்டறையில் ஜாக்கி நழுவி வண்டி அவர்மேல் இறங்கிவிட்டது. எனக்கென்று அவர் விட்டுப் போனது ஒரே ஓர் இசைத்தட்டு. அதுவும் அவர் போன பிறகுதான் வெளிவந்தது. பியானோ ஒருவர், பேஸ் ஒருவர், டிரம்ஸ் ஒருவர், நடுவில் கிட்டாரோடு அப்பா. மெல்லிய குரல், கொஞ்சம் மூக்கால் வரும், துள்ளிக்கொண்டே ஓடும். காதலி விட்டுப் போய்விட்டாள், வேலை போய்விட்டது, போக்கிடம் இல்லை என்று பாடும்போதுகூட பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவரைப் போலத்தான் பாடுவார். அழ வேண்டிய பாட்டை அழாமல் பாடிவிட்டு ஓடிவிடுகிற ஆள். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

நானும் அவசரக்காரிதான். ஆறுவதற்குள் டீயைக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வேன். பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவேன். அடுத்தவர் தொடங்கிய பேச்சை நானே முடித்து வைப்பேன். யாராவது கேட்டால், "அப்பாவைக் கொண்டு பிறந்திருக்கிறேன்" என்பேன். அம்மா மட்டும், "உங்கப்பாவா? அந்த மனுஷன் ஒரு டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள கடையையே மூடிடுவாங்க" என்பாள். நான் எதைச் சொன்னாலும் அதற்கு எதிராக ஒன்றைச் சொல்லாவிட்டால் அம்மாவுக்குச் சோறு இறங்காது. அதனால் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன்.

அம்மாவுக்கு அந்த இசைத்தட்டு ஆகாது. நான் அதைப் போட்டால் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். சின்ன வயதில் ஒரு நாள், சுற்றுகிற தட்டின் ஓரத்தில் விரலை வைத்தால் என்ன ஆகும் என்று பார்த்தேன். குரல் தடித்து, கீழே இறங்கி, நடக்க ஆரம்பித்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சமையலறைக் கதவு படாரென்று திறந்தது. கையில் சோப்பு நுரை சொட்ட அம்மா நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"என்னடி பண்ணின?"

அடி நிச்சயம் என்று விரலை எடுத்துவிட்டேன். அடி விழவில்லை. பாட்டு பழையபடி ஓட ஆரம்பித்ததும் அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பாமேல் அவளுக்கு ஏதோ தீராத கோபம் என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். கட்டிய முடிவை அவிழ்த்துப் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். ஒருவர் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டிக் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்த போன் வந்தது. பழைய ப்ளூஸ், ஜாஸ் இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்து, ஹை-ரெசல்யூஷன் ஒலியில் மறுபடி வெளியிடுகிற கம்பெனி. அப்பாவின் மூல டேப் ஒரு கிடங்கில் அகப்பட்டிருக்கிறதாம். ஒரு கீறல் இல்லையாம். நானும் அம்மாவும் கேட்டுவிட்டுச் சரி என்று சொன்னால் போதுமாம். நான் நின்ற இடத்திலேயே குதித்தேன். சட்டத்தை மாட்டியிருந்தவர், "எனக்கு எல்லாம் ஆடுதும்மா" என்றார்.

அம்மா கூப்பிட்டவுடன் கிளம்புகிறவள் இல்லை. முதல் நாள் நான் மட்டும்தான் போனேன். ஜன்னலே இல்லாத அறை. சுவரெல்லாம் கம்பளம், என் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். டேப்பைச் சரிசெய்கிறவரை அங்கே எல்லோரும் பூனைக்காது என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டிருந்தார்.

"சின்ன போட்டோவப் பெருசாக்கினா புள்ளி புள்ளியாத் தெரியும்ல? இதுல எவ்வளவு கிட்டப் போனாலும் புள்ளி தெரியாது" என்று சொல்லி ஓட விட்டார்.

முதலில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். கிட்டார் கம்பியில் விரல் வழுக்குவது காதுக்குள்ளேயே கேட்டது. என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்புறம் யாரோ ஒரு பெரிய ஆள், கனத்த குரலில், உட்கார்ந்து நிதானமாகப் பாட ஆரம்பித்தார்.

"யார் சார் இது?"

"உங்க அப்பாதான்."

"எங்க அப்பா குரல் எனக்குத் தெரியாதா? வேற யாரோடயோ டேப்ப எடுத்திருக்கீங்க."

பூனைக்காதுக்கு இது பழக்கம்போல. கோபப்படாமல் விளக்கினார். பதிவு செய்த அன்று அந்த மெஷினின் மோட்டார் திணறியிருக்கிறது. டேப் மெதுவாக நகர்ந்திருக்கிறது. மெதுவாகப் பதிந்த டேப்பைச் சரியான மெஷினில் போட்டு இசைத்தட்டு அடித்திருக்கிறார்கள். அதனால் எல்லாமே வேகமாகி, சுருதியும் ஏறிவிட்டது.

"அது எப்படி உங்களுக்குத் தெரியும்? நீங்க கூட இருந்தீங்களா?"

"பாட்டுக்கு அடியில 'ம்ம்ம்'னு ஒண்ணு கேக்குது பாருங்க. கரண்ட் ஒயர்லேர்ந்து வர்ற ஓசை. அது எப்பவும் ஒரே இடத்துலதான் நிக்கும். இந்த டேப்புல ரெண்டு ஸ்வரம் மேல ஏறி நின்னுச்சு. அத அதோட இடத்துக்கு இறக்கினேன். உங்க அப்பாவும் கூடவே இறங்கிட்டார். கரண்டுக்கு யார்மேலயும் பாசம் கிடையாது, பொய் சொல்லாது."

பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். இது, இப்ப இது. நாள் முழுக்க நான் செய்கிற வேலை. வருடக்கணக்காகத் தப்பான கண்ணாடி போட்டவர்களுக்குச் சரியானதைப் போட்டால் தலை சுற்றும். பழையதே நன்றாக இருந்தது என்று சண்டைக்கு வருவார்கள். "நாலு நாள்ல பழகிடும்" என்று சிரித்துக்கொண்டே அனுப்பி வைப்பேன்.

"கொஞ்ச நாள்ல பழகிடும்" என்றார் பூனைக்காது. எனக்கு அவர் காதைப் பிடித்துத் திருக வேண்டும்போல இருந்தது.

"பழைய வேகத்துலயே விட்டுடுங்க சார். யாருக்குத் தெரியப்போகுது?"

"இத வாங்கறவங்க கையில அளவுகோலோட உக்காந்திருப்பாங்க. தப்புன்னு தெரிஞ்சே வெளியிட முடியாது. இனிமே எங்க கேட்டாலும் இதுதான் கிடைக்கும். நெட்ல இருக்கிற பழசையும் எடுத்துடுவாங்க."

"அப்ப ஒண்ணுமே வெளியிட வேண்டாம்."

"உங்க அம்மாவும் ஒரு தடவை கேக்கட்டும்" என்றார். தாராளமாகக் கேட்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பாட்டு வீட்டில் கேட்டாலே கதவைச் சாத்துகிறவள், ஊருக்கெல்லாம் கேட்க விடுவாளா? அவளுடைய பிடிவாதம் வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு உதவப்போகிறது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். அவளிடம் வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அம்மா முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தாள். சோபா நுனியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சட்டுனு முடிங்க தம்பி. எனக்கு இந்தப் பாட்டு ஆகாது."

நாற்காலி கிறீச்சிட்டது. தொண்டைச் செருமல் கேட்டது. அம்மா நிமிர்ந்தாள். அந்தக் கனத்த குரல் முதல் வரியைத் தொடங்கியதும், பையின் வாரைப் பிடித்திருந்த அவள் கை இறுகியது. நான் "நிறுத்துங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் பக்கம் பார்க்காமலே கையைக் காட்டி என்னை அடக்கினாள்.

"சத்தத்தக் கூட்டுங்க."

பூனைக்காது கூட்டினார்.

"இப்ப ஒரு மூச்சு விடுவார் பாருங்க" என்றாள் அம்மா. பாடிக்கொண்டிருந்தவர் பாட்டை நிறுத்தி, அவசரமே இல்லாமல் ஒரு மூச்சு விட்டார். அம்மா சிரித்தாள். ஒரு சின்னப் பெண்ணின் சிரிப்பு. அவளிடம் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

பாட்டு முடிந்தது. அம்மா பூனைக்காதைப் பார்த்து, "இத்தனை நாள் இவர எங்க வெச்சிருந்தீங்க?" என்றாள். கேட்டுவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெக்கார்டு வந்த புதுசுலயே நான் அதப் போட்ட கம்பெனிக்கு நேர்ல போய்ச் சொன்னேன் தம்பி, இது அவர் குரல் இல்ல, யாரோ ஒரு பையன் பாடறான்னு. தண்ணி குடுத்தாங்க. துக்கத்துல காது அப்படித்தாம்மா இருக்கும்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நான்தான் அவர் குரல மறந்துட்டேனோன்னு."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"என்னன்னு சொல்லச் சொல்ற? நடக்கத் தெரியறதுக்கு முன்னாடியே தவழ்ந்து போய் அந்தப் பெட்டிகிட்ட உக்காந்து அப்பா, அப்பான்னு கொஞ்சுவ. உனக்குன்னு இருந்ததே அந்த ஒரு அப்பாதான். அதுவும் இல்லடின்னு சொல்லணுமா? கதவச் சாத்திட்டுப் போறது எனக்கு அதவிடச் சுலபமா இருந்துச்சு."

அடுத்தவர் பேச்சையெல்லாம் முடித்து வைக்கிறவள், அம்மாவின் கைப்பை வாரை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பார்த்தவுடன் அவளுக்குப் புரிந்துவிட்டது. பூனைக்காதிடம் திரும்பி, "பழசையே விட்டுடுங்க தம்பி. அவ அதோட வளந்தவ. நான் கேட்டுட்டேன், எனக்கு இது போதும்" என்றாள்.

"இல்ல சார், புதுசையே போடுங்க" என்றேன்.

"சும்மா இருடி. நேத்து வந்து வேண்டாம்னுதானே சொல்லியிருப்ப? உன்ன எனக்குத் தெரியாதா?"

"இப்ப போடுன்னு சொல்றேன்ல?"

வழக்கம்போல எங்கள் சண்டைதான். ஆனால் இந்தத் தடவை அவள் எனக்காக வாதாடினாள், நான் அவளுக்காக. பூனைக்காது இருவரையும் பார்த்துப் பேந்தப் பேந்த விழித்தார். கடைசியில், "ரெண்டுல எதுன்னு என் கையில இல்லம்மா. வந்தா சரியானதுதான் வரும், இல்லன்னா எதுவும் வராது" என்றார். எதுவும் வராவிட்டால் அம்மா மறுபடி அவரைக் கேட்கவே முடியாது. நான் சரி என்றேன்.

அம்மா இன்னொரு தடவை போடச் சொன்னாள். நான் வெளியே வந்து காபி மெஷின் பக்கத்தில் நின்றேன். யார்மேலாவது கோபப்பட வேண்டும், யாரும் கிடைக்கவில்லை. பூனைக்காது தன் வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறார். அம்மா எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். மிச்சம் இருப்பது அந்த மோட்டார். அது எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். காபியை ஆறும் முன்னே குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். இது யாரைக் கொண்டு என்று முதல் தடவையாக யோசித்தேன்.

ஆல்பம் வெளிவந்தது. அம்மா இப்போது காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் பாத்திரம் கழுவுகிறாள். சமையலறைக் கதவைச் சாத்துவதில்லை. சில நேரம் உள்ளேயிருந்து, "மெதுவா, மெதுவா, ஒண்ணும் அவசரமில்ல" என்று யாருக்கோ சொல்வது கேட்கும். நானும் அந்தப் புதிய பதிப்பைக் கேட்டுப் பார்த்தேன். அருமையான பாடகர். பேஸ் வாசிப்பவரின் மூச்சுகூடக் கேட்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பாடுவதை மரியாதைக்குக் கேட்பதைப்போல கடைசிவரை கேட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய இசைத்தட்டை எடுத்தேன். அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லையே, வீட்டில்தானே இருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டுதான் போட்டேன். கரகரப்பு வந்தது. அப்புறம் அந்த மெல்லிய குரல் துள்ளிக்கொண்டு ஓடி வந்தது. ஓடுவது அவர் இல்லை, மோட்டார். இத்தனை வருடம் நான் கொஞ்சியது ஒரு மோட்டாரின் கோளாறை. அது தெரிந்த பிறகு தெரியாத மாதிரி கேட்க எனக்கு வரவில்லை. எவ்வளவோ முயன்று பார்த்தேன்.

அம்மா ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே வந்தாள். திரும்பிப் போவாள் என்று நினைத்தேன். வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அந்தத் தட்டை நாங்கள் இருவரும் சேர்ந்து கேட்பது அதுதான் முதல் தடவை.

சுற்றுகிற தட்டின் ஓரத்தில் விரலை வைத்தேன். குரல் தடித்தது, இறங்கியது, நடந்தது.

"அங்கதான்" என்றாள் அம்மா. "அன்னிக்கும் இதேதான் பண்ணின. ஒரு நிமிஷம் வந்துட்டார்னே நெனச்சேன். நீ கைய எடுத்துட்ட."

"இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிருக்கச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீ சிரிச்சிட்டிருந்தடி. அத எப்படிச் சொல்றது?"

விரல் சுட ஆரம்பித்தது. கொஞ்சம் அழுத்தினால் அவள் புருஷன், கொஞ்சம் தளர்த்தினால் என் அப்பா. ஒரே இடத்தில் பிடித்து வைக்கப் பார்த்தேன். குரல் இரண்டுக்கும் நடுவில் ஏறி இறங்கி அல்லாடியது.

"எடுத்துடு. புண்ணாயிடும்."

"இரும்மா."

"எடுடி. நான் கேட்டாச்சு. உன்னோடத நீ கேளு."

விரலை எடுத்தேன். குரல் மேலே ஏறி, பழையபடி ஓட ஆரம்பித்தது. அம்மா எழுந்து போகவில்லை. என் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, சிவந்திருந்த விரலை ஊதிவிட்டாள். நான் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாடுவது யார் என்று எனக்குத் தெரியவில்லை.