முயற்சி விழுங்கிய மாத்திரை

அந்த வீட்டு முயலுக்கு முயற்சி என்று பெயர். இதில் முயலின் தவறு எதுவும் இல்லை. வீட்டுக்காரர் ஊர் ஊராகப் போய்த் தன்னம்பிக்கை பற்றிப் பேசுகிறவர். மேடையேறியதும் கையை மேலே நீட்டி ‘முயல்!’ என்று ஒரு சத்தம் போடுவார். தூங்குகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். ஒரு முறை சுவரொட்டிக்கு அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் அச்சகத்துக்குச் சொல்லியனுப்பினார். அங்கிருந்தவர் நல்ல மனதோடு, கேரட் கடிக்கும் வெள்ளை முயல் ஒன்றின் படத்தைப் போட்டுவிட்டார். அதைப் பார்த்த விழாக் குழு, நினைவுப் பரிசாக உயிருள்ள முயலையே கூண்டோடு கொடுத்தனுப்பியது.

பேச்சாளர் அசரவில்லை. எல்லாம் தன் திட்டப்படிதான் நடக்கிறது என்று வீட்டில் அறிவித்து, பெயரையும் சூட்டினார். அதோடு அவர் பங்கு முடிந்தது. புல் போடுவது, கூண்டு கழுவுவது, கொஞ்சுவது எல்லாம் கல்லூரியில் படிக்கும் மகள்தான். அவள் தேர்வுக்குப் படிக்கும்போது அது அவள் பாதத்தின்மேல் படுத்துக்கொள்ளும். அது எழுந்து போய்விட்டால் அவளுக்குப் படிப்பு ஓடாது.

பேச்சாளரின் புகழ்பெற்ற உரைக்கு ‘மருந்தை விடு, மனதைத் தொடு’ என்று தலைப்பு. ஒரு காலத்தில் தனக்கு இரத்த அழுத்தம் எகிறிக் கிடந்ததாகவும், மூச்சை இழுத்துவிட்டே அதை அடக்கி, மாத்திரைப் பட்டையைக் குப்பையில் வீசியதாகவும் சொல்வார். வீசும் இடத்தில் கையை வீசியும் காட்டுவார். கைதட்டல் வருவது அங்கேதான்.

அன்று காலை மகள், அப்பாவின் பயணப் பைக்குள் முயற்சியைக் கண்டுபிடித்தாள். சட்டைகளைத் தோண்டி, காலுறைக்குள் சுருட்டி வைத்திருந்த மாத்திரைப் பட்டையை வெளியே இழுத்து அது மென்றுகொண்டிருந்தது. குழிகளில் பாதிக்கு மேல் காலி. மருந்தின் பெயர் அச்சிட்டிருந்த ஓரத்தையே காணோம்; அதுதான் முயலின் பல்லுக்கு இதமாக இருந்திருக்க வேண்டும்.

“அப்பா, இது என்ன மாத்திரை?”

“தெரியலையேம்மா. போன ஊர்ல விடுதிக்காரங்க துணி துவைச்சுக் கொடுத்தாங்க. அதோட வந்திருக்கும்.”

விடுதிகளில் துணியோடு மாத்திரையும் மடித்துத் தருகிறார்கள் என்ற செய்தியை மனைவி கேட்டுக்கொண்டாள்.

பேச்சாளர் உடனே தலைமை ஏற்றார். நெருக்கடியில் தலைமை ஏற்பது எப்படி என்றும் அவரிடம் ஓர் உரை உண்டு. வாந்தி எடுக்கவைத்தால் போதும் என்று சொல்லி, ஒரு டம்ளரில் உப்புத் தண்ணீர் கலக்கிக்கொண்டு வந்தார். அதற்குள் மகள் விலங்கு மருத்துவரைக் கைபேசியில் பிடித்து, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்துவிட்டாள்.

“வாய்ல எதையும் ஊத்திடாதீங்க,” என்றார் மருத்துவர். “முயலுக்கு வாந்தி வராது. அதோட உடம்பு வாகு அப்படி. எவ்வளவு முயன்றாலும் முடியாது.”

முயன்றாலும் முடியாதது ஒன்று உலகத்தில் உண்டு என்பதைப் பேச்சாளர் முதன்முதலாகக் கேட்டார். அதுவும் ஒரு முயலின் விஷயத்தில். டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஏந்தியபடியே நின்றார். பட்டையையும் உதிர்ந்த துண்டுகளையும் எடுத்துக்கொண்டு உடனே வரும்படி மருத்துவர் சொன்னார்.

மருத்துவமனைக் கூடத்தில் பூனைக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒருவர் பேச்சாளரைக் கண்டதும் எழுந்து நின்றார். “ஐயா, உங்க பேச்சக் கேட்டதுலேர்ந்து நானும் சுகர் மாத்திரைய நிறுத்திடலாம்னு இருக்கேன்.” பேச்சாளர் நல்லது, நல்லது என்று தலையாட்டினார். மனைவி அவரைப் பார்த்த பார்வையில் அந்தத் தலை பாதியிலேயே நின்றது.

கூடத்துக்கும் மருத்துவரின் மேசைக்கும் நடுவில் ஒரு திரைதான். மருத்துவர் முயற்சியின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுக்கொண்டே, மிஞ்சிய மாத்திரைகளைப் புரட்டிப் பார்த்தார்.

“பிரஷர் மாத்திரை மாதிரி இருக்கு. யாரோடது?”

பேச்சாளர் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படிக்க ஆரம்பித்தார்.

“வீட்ல யாரும் சாப்பிடலைன்னா, காலியா இருக்கிறது அத்தனையும் இது வயித்துலதான் இருக்கணும். அவ்வளவுன்னா இந்த உடம்பு தாங்குமான்னு சொல்ல முடியாது. ஒண்ணோ ரெண்டோன்னா பாத்துக்கலாம்.”

மகள் முயற்சியின் காதுகளை வருடிக்கொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள்: “நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்ப்பா.”

திரைக்குக் கீழே பூனைக்காரரின் செருப்புகள் தெரிந்தன. இரண்டும் இந்தப் பக்கம் பார்த்தே நின்றன. பேச்சாளர் தன் முறைப்படி மூச்சை ஆழமாக இழுத்து, நிறுத்தி, விட்டார். ஒன்றும் நடக்கவில்லை.

“என்னோடதுதான் டாக்டர்,” என்றார், உதடு அசைந்தும் அசையாமலும்.

“சத்தமா சொல்லுங்க. ஸ்டெதஸ்கோப் காதுல இருக்கு.”

“என்னோடது. தினமும் காலைல ஒண்ணு. இன்னைக்குத்தான் இன்னும் போடல.”

ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைவரை போகும் குரல் அது. கூடத்தில் ஒரு நாய்கூடக் குரைப்பதை நிறுத்தியது.

பட்டையை எப்போது பிரித்தார் என்று கேட்டு மருத்துவர் குழிகளை எண்ணினார். அப்படியானால் முயல் தின்றது ஒன்றே ஒன்றுதான் என்றார். மகள் அப்போதுதான் அழுதாள்.

திரைக்கு அப்பாலிருந்து குரல் வந்தது: “அப்போ நான் மாத்திரைய நிறுத்த வேண்டாமா ஐயா?”

“வேண்டாம்.”

அவர் ஆற்றியதிலேயே சிறிய உரை அதுதான். சொந்த அனுபவத்திலிருந்து பேசியதும் அநேகமாக அது ஒன்றுதான்.

மருத்துவர் கரித்தூள் கலந்த மருந்தை முயற்சிக்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தார். நெஞ்சுத் துடிப்பு சீராகத்தான் இருக்கிறது, இனி அது புல் தின்று புழுக்கை போட்டால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் என்றார். ஆகவே குடும்பமே ஒரு முயலின் பின்புறத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தது. முயற்சி புல்லைக் கொறித்தது. யோசித்தது. மறுபடி கொறித்தது. பொறுக்கமாட்டாமல் பேச்சாளர் குனிந்து, அதன் காதருகே கெஞ்சும் குரலில், “முயல்... முயல்...” என்றார்.

பொத்தென்று ஒன்று விழுந்தது. பின்னாலேயே இன்னும் சில.

திரையின் ஓரத்தை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்த பூனைக்காரர் தன்னை மறந்து கைதட்டினார்.

பேச்சாளர் எழுந்தார், தலை சுற்றியது, மறுபடி உட்கார்ந்தார். மனைவி தன் கைப்பையைத் திறந்து, அதே மாத்திரையில் வேறொரு பட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“இந்தாங்க. தண்ணி பாட்டில் அந்தப் பையில இருக்கு.”

எத்தனை காலமாக இது அவள் பையில் இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. எல்லாரும் பார்க்க, விழுங்கினார்.