நீலக் கரடி வலை இழுத்த குப்பம்

மாசி மாதத்து வியாழக்கிழமை காலையில் நடுத்திட்டுக் குப்பத்துச் சிங்காரத்தின் வலையை ஒரு நீலக் கரடி இழுத்துக் கரை சேர்த்தது. அன்று தென்றல் லேசாக அடித்தது, ஏரியில் தண்ணீர் இடுப்பளவு, இறால் சுமார். கரடி எருமை உயரம் இருந்தது. நெற்றியில் வெள்ளைச் சுழி, விரல்களுக்கு நடுவே வாத்துக்கு இருப்பதுபோல் தோல். கரையில் நின்றவர்கள் யாரும் ஓடவில்லை. பக்கத்து வலைக்காரர்கள் மட்டும், இது இப்படித் தொம் தொம்மென்று நடந்தால் சேறு கலங்கி இறால் போய்விடும் என்று சத்தம் போட்டார்கள். கரடி அதைக் காதில் வாங்கிக்கொண்டு ஓரமாக நடந்தது. நம்பாதவர்கள் ஆரம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து வந்து பார்க்கலாம். ஆனால் கரடியைப் பற்றிக் கேட்டால், வேற வேல இல்லியா உனக்கு என்றுதான் குப்பத்தில் கேட்பார்கள்.

கரடி வந்தது சிங்காரத்தின் மனைவி கஸ்தூரியின் செல்போனிலிருந்து. கஸ்தூரி காலையில் மற்றப் பெண்களோடு ஏரியில் இறங்கி, பனையோலைப் பறிக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பாள். மத்தியானம் சோறு ஆக்கி இறக்கியபின், சிக்னல் கிடைக்கிற மணல்மேட்டில் போய் உட்கார்ந்து 'ஏழு கோட்டை' ஆடுவாள். எங்கெங்கோ இருக்கிறவர்கள் போனிலேயே குழுவாகச் சேர்ந்து பூதங்களோடு சண்டை போடுகிற ஆட்டம் அது. ஆட வருகிறவர் முதலில் ஒரு வேடம் எடுக்க வேண்டும். எல்லோரும் வாள்வீரன், வில்லாளி, நெருப்பு மந்திரவாதி என்று அடிக்கிற வேடமாகப் பார்த்து எடுக்க, கஸ்தூரி அழைப்பாளி வேடத்தை எடுத்தாள். காலையெல்லாம் உடம்பு நோக வேலை செய்துவிட்டு வந்து மறுபடி எவனையாவது அடிக்க வேண்டுமா என்பது அவள் கட்சி. அழைப்பாளி கட்டைவிரலைத் திரையில் அழுத்திப் பிடித்தால் ஒரு மிருகம் வரும். அது கனம் தூக்கும், காயம் ஆற்றும், பக்கத்தில் நிற்கிறவர்களுக்குத் தெம்பு கொடுக்கும். அதற்கான பலமெல்லாம் அழைப்பாளியின் உடம்பிலிருந்துதான் போகும். அது வேலை செய்து முடிக்கிறவரை அவள் நின்ற இடத்தைவிட்டு அசைய முடியாது. இந்த மாதிரி வேடத்தை ஆட்டக்காரர்கள் சப்போர்ட் என்பார்கள். ஜெயித்தால் சப்போர்ட்டை யாருக்கும் ஞாபகம் வராது, தோற்றால் முதல் திட்டு அவளுக்கு. அவள் குழுவின் வாள்வீரன் எளாவூர் ரஞ்சித்குமார், பூதம் செத்தால் நான்தான் நான்தான் என்று குதிப்பான், அடிபட்டு விழுந்தால் மட்டும், "யக்கா, கரடி எங்கக்கா?" என்பான். அந்தக் கரடிக்குக் கஸ்தூரி பட்டாணி என்று பெயர் வைத்திருந்தாள்.

இனி சிங்காரத்தின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் பாடு. ஏரியில் இறால் ஓடுகிற நீர்ப்பாதைகள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் போய் வலை கட்டினால் மண்டை உடையும் என்பதால், குப்பத்து ஆண்கள் முறை வைத்து இறங்குவார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். வருஷத்துக்கு ஒருதரம் அம்மன் கோயில் முன்னால் தலைவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுப் பிரித்துக் கொடுப்பார். தகப்பனுக்குப் பிறகு மகன் பெயர். கூலிக்கு ஆள் விடக் கூடாது. முறை வந்த நாளில் ஆள் தண்ணீரில் நிற்காவிட்டால் பெயர் அழிந்துபோகும், அழிந்த பெயர் அந்த வீட்டுக்குத் திரும்ப வராது. பெண்களுக்குப் பாடு கிடையாது. அவர்கள் தண்ணீரிலேயே கிடந்தாலும் கிடையாது.

சிங்காரத்தின் வலது கையில் திருக்கை மீனின் முள் குத்தியது. புண் ஆறிவிட்டது, விரல்கள் மடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு, மாத்திரை, பயிற்சி எல்லாம் ஆயிற்று. கை பலகைபோல நீட்டிக்கொண்டே நின்றது. மகன் இல்லை, கூடப் பிறந்தவன் இல்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை கேட்டுப் பார்த்தான், அங்கேயும் இரண்டு கை உள்ளவர்களே வரிசையில் நின்றார்கள். இருக்கிற ஒரு பாடும் போய்விட்டால் இந்தக் குப்பத்தில் நாம் யார் என்று கேட்டுக் கஸ்தூரியிடம் அழுதான். அவளுக்கும் பயம்தான், பறியில் விழுகிற இறாலை வைத்து இரண்டு வயிறு எத்தனை நாள் ஓடும்?

அந்த வியாழக்கிழமை அவன் முறை. ஒரு கையால் கட்டிக்கொள்கிறேன் என்று வீறாப்பாக இறங்கினான். கழிகளை எப்படியோ நட்டுவிட்டான். வலை நிறைந்து இழுக்கிற நேரம் வந்ததும் கயிறு கையைவிட்டு வழுக்கியது, பல்லால் கடித்து இழுத்தான், உதடு கிழிந்து ரத்தம் வந்தது. கரை மணல்மேட்டில் நின்ற கஸ்தூரி இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள். இந்த மாதிரி நேரத்தில் சாமியைக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. கஸ்தூரியின் கட்டைவிரல் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தது. "பட்டாணி, போடா!" என்று அவள் கத்த, தண்ணீர் பிளந்து கரடி எழுந்து, உடம்பை ஒருதரம் உதறிவிட்டுக் கயிற்றைப் பிடித்தது. சிங்காரம் கரடியை ஏற இறங்கப் பார்த்தான். "அந்தாண்ட முனையப் புடி" என்றான்.

அதன்பிறகு சிங்காரத்தின் முறை நாட்களிலெல்லாம் கரடி வந்தது. வனத்துறையிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார், கடிக்குமா என்று கேட்டார், டீ குடித்துவிட்டுப் போனார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதன் முதுகில் ஏறிக் குதித்தார்கள். புதுத் துணி காய்கிற இடத்தில் வந்து உடம்பை உதறுகிறது என்று அதற்குத் திட்டு விழுந்தது. அது இருக்கிற நாளில் பக்கத்து வலைக்காரர்களுக்கு முதுகுவலி வருவதில்லை என்பதைக் குப்பம் மெல்லக் கண்டுகொண்டது. முழங்கால் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறாத பக்கத்து வலைக்காரன் சகாதேவன்கூடக் கரடி பக்கம் நின்றால் குதித்துப் படகில் ஏறினான். இப்படியே இரண்டு மழைக்காலம் போயிற்று. கஸ்தூரி இளைத்துப்போனதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. முறை நாளில் அவள் மணல்மேட்டில் அசையாமல் நின்றுவிட்டு, வீட்டுக்குப் போனதும் விழுந்து தூங்குவாள்.

வினை சகாதேவன் வாயிலிருந்து வந்தது. அவனுக்கு இரண்டு மகன்கள், பாடு ஒன்றுதான். சின்னவனுக்கு ஒன்று வேண்டும் என்றால் யார் பெயராவது அழிய வேண்டும். பாடு பிரிக்கிற நாளில் எழுந்து, "சிங்காரம் எங்க வல இழுக்குறான்? கரடிதான இழுக்குது? கூலிக்கு ஆளு உடக் கூடாதுனு கீதா இல்லியா?" என்றான். கரடி போனிலிருந்து வருகிறதே என்று ஒருவரும் கேட்கவில்லை. அது கூலியா உறவா என்றுதான் வெகுநேரம் பேச்சு நடந்தது. கூலி வாங்கவில்லை, ஆகவே கூலியாள் இல்லை என்றார்கள். பெண்ணோ பிள்ளையோ கொடுக்கவில்லை, ஆகவே உறவும் இல்லை என்றார்கள். தலைவர் பிரபாகரனுக்குத் தலை சுற்றியது. அப்போது சகாதேவனே, கை காட்டச் சொல்லுங்கள் என்றான். பாடு பற்றிச் சண்டை வந்தால் உள்ளங்கையை விரித்துக் காட்டுவது அங்கே வழக்கம். வலைக்கயிறு இழுத்த கையில் குறுக்கே தடம் விழுந்திருக்கும். தடம் உள்ளவனுக்குப் பாடு, தடம் அழிந்தவனுக்கு இல்லை. கை பொய் சொல்லாது என்று சகாதேவன் அடித்துச் சொன்னான், கூட்டமும் சரி என்றது.

சிங்காரம் கையை நீட்டினான். வழவழவென்று இருந்தது. அவன் தலை குனிந்துகொண்டான். பட்டாணியையும் வரவழைத்து உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார்கள். குழந்தைக் கால் மாதிரி ஒரு கீறல்கூட இல்லை. அப்படியென்றால் கயிறு யார் கையில் ஓடியது என்று தலைவர் கேட்டார். கஸ்தூரி கரடியை அனுப்பிவிட்டு, பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்து முந்தானையில் சுற்றியிருந்த இரண்டு கைகளையும் விரித்தாள். குறுக்கே கயிற்றுத் தடம், தடத்தின் மேல் தடம், புதிதாக உரிந்த தோல். கரடியின் பலம் அவள் உடம்பிலிருந்து போனதால் கயிற்றின் அறுப்பும் அவளிடமே வந்திருந்தது. அந்தக் குப்பத்தில் அன்றைக்கு அவ்வளவு தடம் வேறு எந்தக் கையிலும் இல்லை.

கூட்டம் கொந்தளித்தது. பொம்பளைக்குப் பாடா, அம்மன் பொறுப்பாளா, நாளைக்கு எல்லா வீட்டுப் பெண்களும் கேட்பார்களே என்று ஆண்கள் கத்தினார்கள். அம்மனே பொம்பளைதானே என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது, யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தலைவர் முடிவை ஒத்திப்போட்டார். கஸ்தூரிக்குக் கோபம் பொங்கியது. "கை காட்டச் சொன்னது நீங்கதான. காட்டுனேன். பேரு இல்லாத எடத்துல என் பட்டாணிக்கு இன்னா வேல?" என்று சொல்லி, எல்லோர் கண் முன்னாலும் போனை அணைத்தாள். சிங்காரம் அவளைத் தடுக்கவில்லை.

போன் அணைந்த மறுநாளே வலைகள் கனத்தன. முதுகுவலி வீடு வீடாகத் திரும்பி வந்தது. படகைத் தள்ளப் போனவர்கள் பாதியில் உட்கார்ந்தார்கள். நல்ல இறால் ஓடுகிற பருவத்தில் ஆண்கள் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தார்கள், வீட்டுப் பெண்களோ தேய்த்துவிடும்போதெல்லாம் கஸ்தூரி பேச்சை எடுத்தார்கள். எளாவூரிலிருந்து ரஞ்சித்குமார் பைக்கில் வந்து, "யக்கா, நாலாவது கோட்டையில மாட்டினு கீறோம்கா" என்று வாசலில் நின்று கெஞ்சினான். அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் போனைத் தொடவில்லை. கடைசியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சகாதேவனே தலைவர் வீட்டுக்குப் போனான். என்ன பேசினார்கள் என்பது தெரியாது. திரும்பி வரும்போது அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மறுபடியும் கோயில் முன்னால் கூடினார்கள். தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். கூப்பிடப்பட்டவர் உடனே குரல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். சிங்காரத்தின் தகப்பன் பெயர் வந்த இடத்தில், பிறகு சிங்காரத்தின் பெயர் வந்துகொண்டிருந்த இடத்தில், அவர் பெண்கள் பக்கம் திரும்பினார். "கஸ்தூரி" என்றார்.

கஸ்தூரிக்கு வாய் திறக்கவில்லை. தடம் விழுந்த கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தலைவர் அடுத்த பெயருக்கு வாயெடுத்தார். அப்போது ஆண்கள் வரிசையின் கடைசியிலிருந்து, பெயர் அழிந்த சிங்காரம் எழுந்து, மடங்காத கையைத் தலைக்கு மேல் தூக்கி, "கீறா! இங்கதான் கீறா!" என்று ஏரிக்கு அந்தப்பக்கம் கேட்கிற மாதிரி கத்தினான்.

அவள் முறை வந்த நாளில் குப்பமே கரைக்கு வந்தது. கஸ்தூரி மணல்மேட்டில் நின்று போனை எடுத்தாள். சிங்காரம் பக்கத்தில் நின்று, அவள் அசைய முடியாதாகையால், சோற்றை உருட்டி வாயில் ஊட்டினான். தண்ணீர் பிளந்து நீலக் கரடி எழுந்து உடம்பை உதறியது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் கஸ்தூரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.