செவுத்துல தமிழ்ப்ரியா பேரு

தமிழ்ப்ரியா வைத்த பாக்கி ஆயிரத்து நூத்தி எண்பத்தஞ்சு ரூபாய். வெள்ளிமலையில் சாமை அரைக்கிற மெஷின் வைத்திருக்கும் பாவாயி, யார் பாக்கி வைத்தாலும் கொட்டகைச் சுவரில் கரிக்கட்டையால் எழுதிவிடுவாள். நோட்டு என்றால் எலி தின்னும். சுவர் என்றால் வந்து போகிற அத்தனை பேரும் படிப்பார்கள், வெட்கப்பட்டாவது கொடுப்பார்கள்.

மற்றவர்கள் பாக்கியெல்லாம் சாமை அரைத்த கூலி. இவளுடையது வெறும் ஓட்டம். தமிழ்ப்ரியா பக்கத்து ஊர்ப் பெண்தான், சென்னையில் பாட்டுக்காரி. போன வருசம் மைக்கோடு வந்து, "தானியம் போடாம சும்மா ஓட்டுங்க அத்தே, சத்தம் மட்டும் போதும்" என்றாள். மெஷின் பெல்ட் ஒருதரம் அறுந்து, இரும்பு கிளிப் போட்டு இணைத்தது. சுற்றுக்கு ஒரு தடவை 'டக்' என்று அடிக்கும். அந்த டக்குக்காக ரெண்டு நாள் டீசல் எரிந்தது. "ஆல்பம் வந்ததும் குடுத்துடறேன்" என்று போனவள்தான்.

ஆல்பம் வந்தது. பேர் 'உமி'. மேளம் கிடையாது, நாயனம் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டரில் செய்தது. நடுநடுவே பாவாயியின் டக். கல்யாணம், காதுகுத்து, சங்கராபுரம் பஸ், எங்கே போனாலும் அதுதான். மினி பஸ் ஓட்டும் காசிநாதன் பேப்பரைக் கொண்டுவந்து படித்துக் காட்டினான்.

"ரெண்டு கோடி பேரு கேட்டுட்டாங்களாம்க்கா. விமர்சகர் இன்னா எழுதியிருக்காரு பாரு: 'ஒவ்வோர் அடியிலும் நவீன மனிதனின் தனிமை துடிக்கிறது.'"

"அது தனிமை இல்லடா, கிளிப்பு. ரெண்டு கோடி பேரும் என் டீசல்ல ஆடிக்கினு இருக்காங்க. சாமை அறுப்பு வருது, புது பெல்ட்டுக்கு நான் எங்க போவேன்?"

அப்புறம் மெஷினைப் பார்க்க பைக்கில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அதில் ஒருவன் சுவருக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துப் போட்டான். தலைக்கு மேலே, 'தமிழ்ப்ரியா 1185.' அதற்குக் கீழே, 'காசிநாதன் 60.' விமர்சகர்கள் அதையும் விடவில்லை. பாடகி தன்னை மண்ணின் கடனாளியாக அறிவித்துவிட்டார் என்று அரைப்பக்கம் எழுதினார்கள். அதையும் காசிநாதனே படித்துக் காட்டினான். கடைசியில் ஒரு கேள்வி: 'யார் இந்தக் காசிநாதன்? நாம் எல்லோருமா?'

நாலாம் நாள் தமிழ்ப்ரியா காரில் வந்து இறங்கினாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

"மறந்தே பூட்டேன் அத்தே. ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"பண்ணேன். நீ எடுக்கல. உன் பாட்டுதான் வந்துச்சி. என் மெஷினே எனக்கு பதில் சொல்லுது."

ஆயிரத்து நூத்தி எண்பத்தஞ்சை எண்ணி வைத்தாள் தமிழ்ப்ரியா. பக்கத்தில் ஒரு நோட்டுக் கட்டையும் வைத்தாள். "இது அம்பதாயிரம். சத்தத்துக்கு."

"அத நான் செவுத்துல எழுதலியே."

"எழுதலன்னாலும் குடுக்கணும்ல."

பாவாயி இரண்டையும் சுருக்குப்பையில் திணித்துக்கொண்டாள். வேண்டாமென்று சொல்ல அவளுக்கு என்ன பைத்தியமா. "நாளைக்கே சின்னசேலம் போயி புது பெல்ட்டு. பழச நீ எடுத்துக்கினு போ, உனக்குத்தான் ஆவும்."

ஈரத் துணியோடு சுவரிடம் போனவள் கையைத் தமிழ்ப்ரியா பிடித்தாள். "அழிக்காதீங்க அத்தே. இப்ப அதுதான் ஃபேமஸு."

"காசு குடுத்தவ பேரு பாக்கியில இருந்தா அது பொய்யி. நாளைக்கி இந்தச் செவுத்த எவன் நம்புவான்?"

ஒரே இழுப்பு. பேரும் போச்சு, தொகையும் போச்சு.

பஸ்ஸை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்த காசிநாதன், "கை அப்டியே இன்னும் கொஞ்சம் கீழ எறங்கட்டும்க்கா" என்றான்.

பாவாயி துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். "நீதான் நாம எல்லாருமாச்சே. இரு."