கல்லின் மேல் போட்ட பழி

எங்கள் கல் மெருகூட்டும் பட்டறையில் வருகைப் பதிவுக்காக ஒரு கைரேகை இயந்திரம் உண்டு. அங்குப் பணிபுரியும் எண்மரில் அறுவரின் விரலை அது முதலில் ஏற்காமல் போனது. கல்லைத் தேய்ப்பவனின் விரலைக் கல்லும் தேய்த்துவிடுகிறது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆகவே மேஸ்திரி அவர்களின் வருகையை ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். ஏழாவதாக என் விரலையும் அவ்வியந்திரம் மறுத்தபோது நான் கலங்கவில்லை; முழுத் தொழிலாளியாகிவிட்டேன் என்று சற்றுப் பெருமைகூட அடைந்தேன்.

அதன்பின் விரல்கள் வெளுக்கத் தொடங்கின. அறுப்பு இயந்திரத்தில் குளிர்ந்த நீர் இடைவிடாது பாயும். அந்நீர் பட்டதும் விரல் நுனிகள் வெண்மையாகி, பிறகு நீலமாகி, சூடேறுகையில் சிவந்து குத்தும்.

"என்ன கம்பவுண்டரே, மூஞ்சிக்குப் போடுற பவுடரக் கைக்குப் போட்டுட்டு வந்துட்டீங்க போல," என்பார் மேஸ்திரி.

கம்பவுண்டர் என்பது பட்டறையில் எனக்கு இட்ட பட்டப்பெயர். என் அக்காவுக்கு நான்கு ஆண்டுகளாகத் தோல் இறுகும் நோய் இருக்கிறது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடலின் இணைப்புத் திசுவைத் தாக்குவதால் தோல் தடித்து, உள்ளுறுப்புகளும் விறைத்துப்போகின்ற நோய் அது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை அவளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவன் நானே. அங்கே கொடுத்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மனப்பாடம் செய்திருந்தேன். பட்டறையில் எவர் இருமினாலும் அதிலிருந்து ஒரு வரி எடுத்துச் சொல்வேன்.

ஆயினும் அக்கையேட்டின் அட்டையில் ஒரு பெண்ணின் படம் இருந்தது. காத்திருப்புக் கூடத்தின் நாற்காலிகளில் பெண்களே அமர்ந்திருந்தனர்; ஆண்கள் பைகளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எனவே விரல் வெளுத்ததற்கு நீரையும், படியேறுகையில் மூச்சு வாங்கியதற்குத் தூசியையும், ரேகை மறைந்ததற்குக் கல்லையும் காரணமாகக் கொண்டேன். ஒன்றரை ஆண்டு அவ்வாறு கழிந்தது.

சென்ற முறை நாங்கள் போயிருந்தபோது, செவிலியர் அக்காவின் விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டினார். எண் எதுவும் தோன்றவில்லை.

"விரல் ஐஸ் மாதிரி இருக்கும்மா. கொஞ்சம் தேய்ச்சு விடுங்க."

"கிளிப்புதான் ரிப்பேர் சிஸ்டர். என் கையில போட்டுப் பாருங்க," என்று நான் விரலை நீட்டினேன். அதிலும் எண் தோன்றவில்லை.

"பாத்தீங்களா?" என்றேன், வழக்கில் வென்றவனைப் போல.

செவிலியர் அதைத் தம் விரலில் மாட்டினார். தொண்ணூற்றொன்பது என்று உடனே காட்டியது.

அக்கா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டு கையயும் சேர்த்து வை."

"யாரக் கும்பிடணும்?"

"என்னத்தான் கும்பிடு. சேருடா."

சேர்த்தேன். உள்ளங்கைகள் ஒட்டின, விரல்கள் ஒட்டவில்லை. இடையில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. இச்சோதனை கையேட்டின் ஆறாம் பக்கத்தில் உள்ளது. அக்காவை எத்தனையோ முறை இதைச் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

"இது வேலையால வந்ததுக்கா. பட்டறையில எல்லாருக்கும் இருக்கு."

"ஊருக்கெல்லாம் பாடம் எடுக்குற. உன் கையப் படிக்கத் தெரியல," என்றாள். சொல்லிவிட்டு மருத்துவரின் அறைக்குள் எனக்கு முன்னால் நுழைந்தாள்.

மருத்துவர் என் முன்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தார், மடிப்பு எழவில்லை. அன்றே மூச்சுச் சோதனைக்கும் மார்பு ஸ்கேனுக்கும் அனுப்பினார். அக்கா என் பையை வாங்கி வைத்துக்கொண்டு வெளியே காத்திருந்தாள். நான் குழாயில் ஊதி முடித்தபோது, என் அளவு அவளுடையதைவிடக் குறைவாக இருந்தது. நுரையீரலின் அடிப்பகுதியில் தழும்பு விழுந்திருப்பதை ஸ்கேன் காட்டியது.

"அக்காவுக்கு நாலு வருஷமா இருக்கு. எனக்கு ஒண்ணரை வருஷம்தானே டாக்டர்?"

"அங்கதான் வித்தியாசம். இது பொம்பளைங்களுக்குத்தான் அதிகமா வரும். ஆம்பளைங்களுக்கு வர்றது கம்மி. ஆனா வந்துட்டா, நிறைய பேருக்கு வேகமாப் பரவி நுரையீரலப் புடிக்குது. அதுல நீங்க வந்து காட்டுறதும் லேட்டு. கல்தூசி வேற."

"சரியாயிடுமா?"

"போன மூச்சு திரும்பாது. இருக்கிறதக் காப்பாத்தப் பாக்கலாம். ஆனா நான் ஒரு பக்கம் மருந்து குடுக்க, நீங்க ஒரு பக்கம் தூசிய இழுத்தா நடக்காது."

பேருந்தில் திரும்பும்போது, முகமூடி அணிந்துகொண்டு அதே இயந்திரத்தில் தொடரலாமா என்று யோசித்தேன். பத்தொன்பது வயதிலிருந்து எனக்கு அது ஒன்றே தெரியும். அக்காவிடமும் சொன்னேன்.

"நான் தையல விட மாட்டேன்னு அழுதப்ப நீ என்ன சொன்ன?"

"வேலை போனா வேற வேலை, கை போனா வேற கை இருக்கான்னு."

"அது கையேட்டுல எத்தனாவது பக்கம்?"

"கையேட்டுல இல்ல. நானே சொன்னது."

"அப்ப நீயே கேளு."

மறுநாள் காலை மருத்துவரின் கடிதத்தை மேஸ்திரியிடம் கொடுத்தேன். அவர் அதை இருமுறை படித்தார்.

"பொம்பளைங்களுக்கு வர்ற வியாதி உனக்கு எப்படிடா?" என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தனர்.

"எல்லாரும் ஒருதரம் கையச் சேர்த்துப் பாருங்க," என்றேன். ஒருவரும் சேர்க்கவில்லை. ஒருவன் குழாயைத் திறக்கப் போனான். இன்னொருவன் காலணியின் நாடாவைக் கட்டினான். அன்று முதல் நான் அறுப்பு இயந்திரத்தை விட்டு, முன்னறையில் கல்லுக்கு அளவு குறிக்கும் மேசைக்கு மாறினேன்.

மதிய உணவுக்குப் பின் மேஸ்திரி அம்மேசையருகே வந்து நின்றார். இரு கைகளும் கால்சட்டைப் பையில் இருந்தன.

"அந்த ஆஸ்பத்திரி என்ன கிழமை?"

"செவ்வாய். எட்டு மணிக்கு டோக்கன். கையக் காட்டுங்கண்ணே."

"வேலையப் பாருடா," என்றார். கைகளை வெளியே எடுக்கவில்லை.

அடுத்த செவ்வாயன்று மேஸ்திரி வேலைக்கு வரவில்லை. நோட்டில் எங்கள் வருகையை நானே குறித்தேன்.