எமிலியானுஸின் கோணல் பட்டாளம்

1973ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு மறுநாள், ஊர்காவற்றுறைப் படமாளிகையில் எமிலியானுஸின் மூன்றாவது படத்தைப் பார்த்த சனம் சிரித்துச் சிரித்து, இருந்த வாங்குப் பலகைகளை விட்டு மெல்ல மேலெழும்பியது. கீழே கலரியில் இருந்தவர்கள் பல்கனி உயரத்துக்கு வந்து, அங்கே கதிரைகளில் இருந்த சொந்தக்காரரிடம் சுகம் விசாரித்தார்கள். படம் முடிந்ததும் எல்லோரும் பக்குவமாகத் தரையிறங்கி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வீடு போனார்கள்.

இது அவருக்கு லேசில் கிடைத்த வெற்றியல்ல. கடற்றொழில் குடும்பத்தில் பிறந்து, வலையை விட்டுவிட்டுக் கமராவைத் தூக்கியவர். முதற்படத்துக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டாவது படத்துக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் பிந்தி வந்தது. படமாளிகையில் கல்லுப்போல இருந்த சனம், அடுத்த கிழமை பூசை நடுவிலும் சரவணை ஊரில் ஒரு செத்தவீட்டிலும் விழுந்து விழுந்து சிரித்தது. செத்தவீட்டுக்காரர் பொல்லோடு தேட, எமிலியானுஸ் எழுவைதீவில் போய் ஒளிந்தார். மூன்றாவதான பட்டாளப் படத்தை அங்கேதான் யோசித்தார்.

கதை சின்னது. வராத எதிரியிடமிருந்து நெடுந்தீவைக் காக்க ஒரு பட்டாளம் வருகிறது. சிப்பாய்களாக நடித்தவர்கள் மீன்பிடிகாரர். கப்டனாக நடித்த குருசுமுத்து, "இடது பக்கம் திரும்பு!" என்று கத்துவார். "இடதெண்டால் கரைப் பக்கமோ, கடல் பக்கமோ, ஐயா?" என்று அவர்கள் பணிவாகக் கேட்பார்கள். கடைசியில் தீவின் காட்டுக் குதிரைகள் வந்து, ஒரு கால் பிசகாமல் அணிவகுத்துப் போகும். எப்படிப் பழக்கினீர் என்று கேட்டவர்களிடம் எமிலியானுஸ், "நான் பழக்கேல்லை. கமராவைக் கண்டதும் அதுகளே நடந்ததுகள்," என்று உண்மையைச் சொன்னார்.

படம் ஓடிய இரண்டாம் கிழமை, மெய்யான கப்டன் ஒருவர் சிப்பாய்களோடு ஜீப்பில் வந்து இறங்கினார். படையைப் பழிக்கும் படமென்றால் பெட்டியோடு எரிப்பதாகச் சொன்னார். இருந்தது ஒரே பிரதி.

எமிலியானுஸின் மனைவி ஜசிந்தா செபமாலையை எடுத்தாள். "வாங்கோ, வீட்டை போவம். எரிக்கிறதை நிண்டு பாக்க ஏலாது."

"என்ரை படம் பாக்க வந்த மனிசனை விட்டிட்டு நான் எங்கை போறது?" என்றார் அவர்.

கப்டன் முன்னால் போட்ட கதிரையில் விறைப்பாக இருந்தார். சிப்பாய்கள் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து, வாங்கின் விளிம்பை இறுக்கிப் பிடித்தார்கள். கரைப் பக்கமோ கடல் பக்கமோ என்ற இடத்தில் ஒருவன் கை நழுவி எழும்பினான். அவனை இழுக்கப் போன இருவரும் கூடவே போனார்கள். குதிரைகள் வந்தபோது கப்டன் உதட்டைக் கடித்தார், மூச்சை அடக்கினார், கண்ணில் நீர் முட்டியது. பிறகு தொப்பி கழன்று விழ, கதிரையோடு சேர்ந்து திரையின் நடுமட்டத்துக்கு உயர்ந்தார். அவருடைய நிழல் குதிரைகளோடு அணிவகுத்துப் போனது. மூலையில் நின்ற எமிலியானுஸ் படத்தை மறந்து அந்த நிழலையே பார்த்து அழுதார்.

கீழே இறங்கிய கப்டன் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு, தெரிந்த தமிழில், "எங்கட ஆக்கள் இதைவிட மோசம்," என்றார். முகாமிலும் காட்டச் சொல்லிக் கேட்டார்.

அதன்பின் நயினாதீவிலிருந்தும் புங்குடுதீவிலிருந்தும் சனம் திரண்டு வந்தது. தாய்மார் குழந்தைகளைச் சேலைத் தலைப்பால் இடுப்போடு கட்டிக்கொண்டு வந்தார்கள்.

1980இல் படமாளிகையைத் திருத்திக் கட்ட வந்த மேசன் ஆழ்வாப்பிள்ளை, சுவரை அண்ணாந்து பார்த்து, "இதுக்குள்ளை ஆரின்ரை படம் போடப் போறியள்?" என்று கேட்டார்.

"எமிலியானுஸின்ரை," என்றார் படமாளிகைக்காரர்.

"அப்ப இன்னும் ஒரு பனை உயரம் வேணும்," என்றுவிட்டு, சாந்து குழைக்கச் சொன்னார்.