பெட்டிக்கு அடியில் ஒரு துளை

தைக்காட்டு ஏற்றத்தின் பாதியில் வண்டி நின்றுபோனபோது பத்மஜாவுக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் முந்திக்கொண்டு வந்தது. மேட மாதத்து வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. சின்ன வயதில் போலியோ இரண்டு கால்களையும் வாங்கிக்கொண்டு போன நாளிலிருந்து கையால் பெடல் சுற்றியே ஊரைப் பார்த்தவள். போன வாரம்தான் தம்பி நாகேஸ்வரன் அவளுடைய மூன்று சக்கர வண்டியில் மோட்டாரும் பேட்டரியும் பூட்டி, கைப்பிடியை முறுக்கினால் தானாக ஓடும்படி செய்து கொடுத்திருந்தான். அவர்கள் குடியிருக்கும் வலியசாலைத் தெரு முழுக்க வாசலில் வந்து நின்று பார்த்தது. இப்போது முறுக்கு முறுக்கு என்று முறுக்குகிறாள், வண்டி அசைவேனா என்கிறது. பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஏற்றத்தின் அடியில் குடை ரிப்பேர் செய்துகொண்டிருந்த ராஜையன் அதைப் பார்த்துவிட்டார். கையிலிருந்த குடையை அப்படியே போட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி வந்தார்.

"என்ன பிள்ளே, கரண்டு வண்டியும் சதிச்சோ?"

"சூடாயி நின்னுடுத்து அண்ணாச்சி. நான் செத்தே நேரம் இருந்தா செரியாயிடும். நீங்கோ போங்கோ."

"அது கொள்ளாம், நல்ல கதைதான். ஆபீசுக்கு நேரமாச்சில்லா?" என்று சொன்னதோடு சரி, முதுகுக்குப் பின்னால் அவர் கை வந்துவிட்டது.

வழுதக்காட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் பத்மஜாவுக்கு டைப்பிஸ்ட் வேலை. வேலை கிடைத்த நாளிலிருந்து அந்த ஏற்றத்தில் அவளைத் தள்ளி ஏற்றிவிடுகிறவர் ராஜையன். பாறசாலைப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். மழைக்காலம்தான் அவருக்கு நாலு காசு பார்க்கும் காலம். அந்த மழையிலும், கம்பி ஒடிந்த குடையோடு ஆள் நின்றுகொண்டிருந்தாலும், இவள் தலை தெரிந்தால் எழுந்து வந்துவிடுவார். தீபாவளிக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தபோது, "நான் கூலிக்காரனா?" என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவளால் கொடுக்க முடிந்தது 'ரொம்ப உபகாரம்' ஒன்றுதான். மேலே போய்ச் சேர்ந்ததும் திரும்பிப் பார்த்து, சிரித்து, அதைச் சொல்ல வேண்டும். தலைவலியா, ஆத்தில் சண்டையா, அதெல்லாம் கணக்கில்லை. சிரித்தே ஆக வேண்டும். நன்றி இல்லாமலா? நெஞ்சு முட்ட இருந்தது. ஆனால் இன்னொருவர் கையை நம்பி ஏறுகிறவளுக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளக்கூட உரிமை இல்லாமல் போய்விடுகிறது. அது போகட்டும். இரண்டு வருஷமாக ராஜையனுக்கு இழுப்பு. ஏற ஏற அவர் மூச்சு பிடரிக்குப் பின்னால் விசில் மாதிரி கேட்கும். வேண்டாம் என்றால் கேட்கிற மனிதரா? இந்த வண்டி தானாக ஏறினால்தான் அவர் விடுவார். வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழை பிடிப்பதற்குள் ஏறியாக வேண்டும் என்று அவள் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் நாகேஸ்வரன் வண்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சாலைக் கடைத்தெருவில் யுபிஎஸ் ரிப்பேர் கடை அவனுக்கு. மோட்டாருக்கு எவ்வளவு கரண்டு போக வேண்டும் என்று அளந்து விடுகிற கண்ட்ரோலரை, மழை படாமல் இருக்க ஒரு டப்பாவில் போட்டு மூடியிருந்தான். எப்படி மூடினான் என்கிறீர்கள்? அவர்கள் ஆத்துப் பூஜை அலமாரியில், தாத்தா காசியிலிருந்து கொண்டுவந்த கங்கைச் செம்பு இருக்கிறது. வாயை ஈயம் பற்றவைத்து அடைத்தது. இத்தனை வருஷத்தில் ஒரு சொட்டு வெளியே வந்ததில்லை. வெளியே வராதது உள்ளேயும் போகாது என்று முடிவுகட்டி, டப்பாவைச் சுற்றிலும் ஈயம் வைத்துவிட்டான் மகராஜன். கங்கைக்கு வேர்க்காது; கண்ட்ரோலருக்கு வேர்க்கும். ஏற்றத்தில் கரண்டு இழுக்க இழுக்க உள்ளே சூடு ஏறி, போக வழியில்லாமல், அது தானாகவே அணைந்துவிட்டது.

தப்பை ஒத்துக்கொள்ள அவன் வெட்கப்படவில்லை. தடித்த அலுமினியப் பெட்டி ஒன்று வாங்கி, கண்ட்ரோலரில் சூடாகிற டிரான்சிஸ்டர்களை அதன் சுவரோடு சேர்த்து முடுக்கினான். சுவரின் வெளிப்பக்கம் சீப்புப் பல் மாதிரி அலுமினியத் தகடுகள். உள்ளே பிறக்கிற சூடு உலோகத்தின் வழியாக வெளியே வந்து காற்றில் ஆறிவிடும். மூடிக்கு ரப்பர் வளையம் வேறு. வண்டி ஏறியது. ஒரு வாரம் ராஜையன் கீழேயிருந்து கையை மட்டும் ஆட்டினார். பத்மஜா அந்த ஒரு வாரமும் காரணமே இல்லாமல் ஆபீசில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தாள். இனி யாருக்கும் சிரித்துக்காட்ட வேண்டியதில்லையே, அத்தனை சந்தோஷம் அவளுக்கு.

மழை வந்தது. முதல் நாள் மழையிலேயே வண்டி அதே இடத்தில் நின்றது. நனைந்த தலையோடு ராஜையன் வந்தார், தள்ளினார், மேலே போய்ச் சேர்ந்ததும் மதிலைப் பிடித்துக்கொண்டு இருமினார். அன்று பத்மஜாவுக்குச் சிரிக்க வரவில்லை.

ஆத்தில் பெட்டியைத் திறந்தால் உள்ளே தண்ணீர். நாகேஸ்வரன் ரப்பர் வளையத்தைத் தடவித் தடவிப் பார்த்தான். கிழிசல் இல்லை. "எங்கேருந்து வந்துதுன்னே தெரியலே அக்கா. எறும்பு போக வழியில்லே," என்றான். மத்தியானம் சாப்பிடத் தோன்றாமல் அப்படியே திரும்பக் கொண்டுவந்த டிபன் டப்பாவை அவள் திறந்தாள். காலையில் சுடச்சுட அடைத்த சாதம். மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர். அவள் மூடியைச் சாய்த்ததும் அது அவன் முழங்காலில் சொட்டியது. அவன் முழங்காலைப் பார்த்தான், மூடியைப் பார்த்தான், அப்புறம் தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

"மழை உள்ளே வரவேயில்லே அக்கா. உள்ளே இருந்த ஈரக்காத்துதான். சூடான பெட்டி மேலே பச்சைத்தண்ணி விழுந்ததும் வேர்த்துக் கொட்டியிருக்கு."

"அப்போ வேர்வைக்கு ஒரு வழி விடேன்."

"அடியிலே ஒரு துளை மதி, அது போதும். மேலேருந்து மழை புகாது, உள்ளே இருக்கறது வடிஞ்சுடும்." பாவம், துளைபோடுவதற்குள் அவன் இடத்தை மூன்று தரம் அளந்தான். அடைப்பதற்கு அவ்வளவு பாடுபட்டவன். சர்க்கியூட்டைக் காய வைத்து வார்னிஷ் பூசினான். ஒயர்களைத் தொங்கலாக வளைத்து, அவற்றில் வழிகிற நீர் வளைவிலேயே சொட்டிவிடும்படி செய்தான்.

அடுத்த திங்கட்கிழமை நல்ல மழை. ஏற்றத்தின் அடியில் பத்மஜா வண்டியை நிறுத்தாமல் முறுக்கினாள். நின்றுபோன இடம் வந்தது, போனது. பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். ராஜையன், ஒரு கையில் குடை, ஒரு கை நீட்டியபடி. அவர் நம்பவில்லை. முதுகுப் பலகையைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி அந்தக் கை கூடவே வந்தது. மூச்சு விசிலடித்தது.

பத்மஜா பிரேக் பிடித்தாள்.

"நின்னுபோச்சா?"

"நான்தான் நிறுத்தினேன். பின்னாலே சாமான் வைக்கற பலகை இருக்கு, ஏறிக்கோங்கோ அண்ணாச்சி."

"நானா? கடையிலே ஆளு நிக்குது பிள்ளே."

"நிக்கட்டும். இத்தனை நாளா எனக்காக நிக்கலையா? இன்னிக்கு ஒரு நாள் நான் மேலே கொண்டுபோறேன்."

ராஜையன் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காருகிறவர் மாதிரி பலகையில் அமர்ந்தார். வண்டி ஒரு முனகல் முனகி நகர்ந்தது. நடை வேகம்தான், ஆனால் ஏறியது. சுமை கூடியதில் பலகையோரமாக இருந்த பெட்டி கொதித்தது. தகடுகளில் விழுந்த மழையில் லேசாக ஆவி பறந்தது. ராஜையன் பதறிப்போய்க் குனிந்து, குடையை அதன் மேல் பிடித்தார்.

"அதுக்கு வேண்டாம், நனையட்டும்," என்றாள் பத்மஜா. "நனைஞ்சாத்தான் அதுக்கு நல்லது. நீங்கோ பிடிச்சுக்கோங்கோ." கொஞ்ச தூரம் போன பிறகு, திரும்பிப் பார்க்காமல், சிரிக்காமல், "ரொம்ப உபகாரம் அண்ணாச்சி," என்றாள். கண் நிறைந்துவிட்டது. மழையில் யாருக்குத் தெரியப்போகிறது.

 பின்னால் ராஜையனின் மூச்சு, விசில் சத்தம் போய், மெல்ல மெல்லச் சீரானது. கொஞ்ச நேரத்தில் குடை நீண்டு வந்து இருவர் தலைக்கும் பாதிப் பாதியாக நின்றது. கீழே, பெட்டியின் துளையிலிருந்து ஒவ்வொரு சொட்டாக ரோட்டில் விழுந்துகொண்டே வந்தது.